பன்னிரண்டாவது நோட்டீஸ்

அத்தியாயம் 9

"பதினொண்ணுதான் இருக்கு," என்றாள் அண்ணி.

அவளுடைய கொழுந்தன் ரேடியோ, மேஜையில் கிடந்த தாள்களை மறுபடி எண்ணினான். பன்னிரண்டு கடை உள்ள தெரு. கடைக்கு ஒன்றாக வந்த வரி நோட்டீஸ்களை வீடு வீடாகப் பிச்சை கேட்பதுபோலக் கேட்டு வாங்கி வந்தவன் அவன்தான். எண்ணிக்கை மாறவில்லை.

"ஒண்ணு மட்டும் வெக்கப்பட்டுக்கிட்டு வீட்டுலயே இருந்துடுச்சு போல, அண்ணி."

"எந்தக் கடை?"

"கடிகாரக் கடை. தொலைஞ்சு போச்சாம். எள்ளு சைஸ்ல ஒரு ஸ்க்ரூ விழுந்தா நாள் பூரா தரையில படுத்துத் தேடற மனுஷன், இவ்வளவு பெரிய பேப்பரைத் தொலைச்சுட்டாராம்!"

அண்ணி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இப்படித் தெருவைப் பார்த்தால் எதையோ முடிந்து வைத்துக்கொள்கிறாள் என்று அர்த்தம்.

அண்ணி இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. துப்பறியும் ஏஜென்சி ரேடியோவின் அண்ணன் நடத்தியது. அவர் போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. மூடிவிட்டு எங்கள் வீட்டோடு வந்து இரு என்று சொந்தபந்தம் அத்தனையும் சொன்னது. அண்ணி பெயர்ப்பலகையைத் துடைத்துத் திரும்ப மாட்டினாள். யார் தயவும் எனக்கு வேண்டாம் என்றாள். கொழுந்தன் மட்டும் உதவியாளனாக ஒட்டிக்கொண்டான். ரேடியோ என்பது அவனுக்கு ஊர் வைத்த பெயர். அவன் வாயை மூடினால் கரன்ட் போய்விட்டதா என்று பார்ப்பார்கள்.

அவனிடம் ஒரு ரகசியம் இருந்தது. பாத்திரக் கடை, துணிக்கடை ஒலிபெருக்கிகளில் "வாங்க வாங்க, பாதி விலை" என்று தொண்டை கிழியக் கத்துகிற பதிவுக்குரல் அவனுடையது. அந்தக் காசு எங்கே போகிறது என்பது ஏஜென்சி இருக்கிற கட்டடத்தின் ஓனருக்கு மட்டும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்பே அவர் வாடகையை இரட்டிப்பாக்கிவிட்டார். அண்ணியோ ஒவ்வொரு மாதமும் பழைய வாடகையைக் கவரில் வைத்து, வாயை உள்ளே மடித்து, ரேடியோ கையில் கொடுப்பாள். அவன் வழியில் கவரைக் கொஞ்சம் தடிமனாக்கி, பசை போட்டு ஒட்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பான். "நம்ம ஓனர் தங்கமான மனுஷன், ஏத்தவே மாட்டேங்கறார்," என்று அண்ணி சொல்லும்போதெல்லாம், "ஆமா அண்ணி, உரசிப் பாத்த தங்கம்," என்பான். அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

"கிளம்பு," என்றாள் அண்ணி. "மணி பத்தரை. அஞ்சு மணிக்குக் கெடு."

கெடு என்றால் சாதாரணக் கெடு இல்லை. அந்த ஊரில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கடைகளை மறுமதிப்பீடு செய்வார்கள். ஒரு குறிப்பிட்ட தேதியில் இந்தக் கடையை வாடகைக்கு விட்டால் என்ன போகும் என்று மதிப்பீட்டு அலுவலகம் ஒரு தொகை போடும். கடை வரி அதன்மேல் விழும். இந்தத் தடவை அந்தத் தெருவுக்கு மட்டும் தொகை மூன்று மடங்காக ஏறிவிட்டது. குடைக்கடைக்காரர் முந்தாநாளே ஷட்டரை இறக்கிவிட்டார். ஆட்சேபம் சொல்ல முப்பது நாள் கொடுத்திருந்தார்கள். இன்று முப்பதாவது நாள்.

வழக்கைக் கொண்டுவந்தவள் மாடி அக்கா. கடிகாரக் கடை இருக்கிற கட்டடம் அவளுடையது. கணவர் விட்டுப்போன ஒரே சொத்து. மேலே அவள் குடியிருந்தாள், கீழே கடை. கடையை எடுத்திருப்பது அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

"கடைக்குள்ள அக்கா தம்பி கிடையாதுன்னு முதல் நாளே சொல்லிட்டேன்," என்று நேற்று அவள் அண்ணியிடம் சொன்னாள். "அவன் வாடகைக்காரன், நான் ஓனர். ஒண்ணாந்தேதி காலைல பத்து மணிக்கு வாடகை வந்துடும். நான் ரசீது எழுதிக் குடுத்துடுவேன். இன்னைக்கு வரைக்கும் யாரும் எனக்குச் சும்மா சோறு போடல. இப்போ எவனோ ஒரு படுபாவி பொய் வாடகை எழுதிக் குடுத்து என் தம்பி கடைக்கு உலை வெச்சுட்டான். அவன் யாருன்னு கண்டுபிடிங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்."

எவ்வளவு வாடகை வருகிறது என்று மட்டும் அவள் சொல்லவில்லை. அந்தத் தெருவின் வழக்கம் அப்படி. ஒருவரிடம் வயதைக் கேட்கலாம், சம்பளத்தைக் கேட்கலாம், ஏன், வீட்டுச் சண்டையைக்கூடக் கேட்கலாம். வாடகையைக் கேட்டால் மட்டும் முகம் திரும்பிவிடும்.

மதிப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரியின் மேஜைக்கு ஒரு கால் குட்டை. அதன் அடியில் மடித்து வைத்திருந்த தாள்கட்டைப் பார்த்து ரேடியோ கேட்டான்: "இதுதான் தெருவோட ஃபைலா சார்?"

"அது திரும்பி வராத படிவங்களோட பட்டியல்," என்றார் அதிகாரி, சிரிக்காமல். "உங்க தெருதான் மேல இருக்கு. பன்னெண்டு கடைக்கும் படிவம் அனுப்பினோம். 'நீங்க குடுக்கற வாடகை என்ன, எழுதி அனுப்புங்க'ன்னு ரெண்டு தடவை கேட்டோம். ஒண்ணே ஒண்ணுதான் வந்தது."

"மத்த பதினொண்ணு?" என்றாள் அண்ணி.

"சொல்லலைன்னா வரி போட முடியாதுன்னு நினைச்சுட்டாங்க. நான் வந்த ஒண்ணை வெச்சுப் போட்டேன்."

"ஒருத்தரோட சட்டை அளவை எடுத்துப் பன்னெண்டு பேருக்கும் தெச்சுட்டீங்க," என்றான் ரேடியோ.

"மத்தவங்க அளவு குடுக்கலையே தம்பி. நான் என்ன பண்ண?"

ரேடியோ குனிந்து தன் சட்டையை ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"அந்த ஒருத்தர் யாரு?" என்றாள் அண்ணி.

"சொல்லக் கூடாது. சட்டம்."

"எழுதின வாடகை பொய்யா இருந்தா?"

"பொய் இல்லம்மா. ரசீது நகலெல்லாம் இணைச்சிருந்தார். ஒழுங்கான மனுஷன். முன்பணத்துல கழிக்கறதா, நடுவுல சில மாசம் இலவசமா, சொந்தக்காரங்களுக்குள்ள வாடகையா, உள்வாடகையான்னு ஏழு கேள்வி இருக்கும். இதுல எது இருந்தாலும் அந்த வாடகையை ஒதுக்கிடுவோம். ஏழுக்கும் 'இல்லை'ன்னு டிக் பண்ணியிருந்தார்." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "படிவத்துல தப்பு இருக்குன்னு கட்டட ஓனர் கையெழுத்துப் போட்டுத் திருத்தம் குடுத்தா எடுத்துப்பேன். அஞ்சு மணிக்குள்ள வரணும். அஞ்சு அஞ்சுக்கு வந்தா அஞ்சு வருஷம் கழிச்சு வாங்கன்னுதான் சொல்லுவேன்."

திருத்தத்துக்கான வெற்றுத் தாள் ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அலுவலகப் படிக்கட்டிலேயே அண்ணி உட்கார்ந்துவிட்டாள். பதினொரு நோட்டீஸையும் மடியில் பரப்பினாள்.

"எல்லாத்துலயும் ஒரே ரேட்தான் அடிச்சிருக்கு. மாசம் சதுர அடிக்கு ஐம்பத்திரண்டு புள்ளி தொண்ணூத்தி நாலு. ஏன் ரேடியோ, எந்த மனுஷனாவது இப்படி ஒரு விலை சொல்லுவானா?"

"பெட்ரோல் பங்க்ல சொல்லுவாங்க."

"இது யாரும் வாயால சொன்ன விலை இல்ல. வகுத்ததுல வந்த விலை. யாரோ குடுக்கற வாடகையை அவங்க கடையோட சதுர அடியால வகுத்திருக்கார். அந்த ரேட்டைத் தெருவுக்கே போட்டுட்டார். இப்போ நாம திருப்பிப் பெருக்கிப் பாத்தா?"

ரேடியோ கண்களைச் சிமிட்டினான். "திரும்பி அதே வாடகை வரும்."

"அவங்க ஒருத்தருக்கு மட்டும் முழுசா வரும். மத்த எல்லாருக்கும் கோணல்மாணலா வரும். வாடகையை யாரும் சில்லறையோட பேசி முடிக்க மாட்டாங்க."

"அண்ணி! அந்த ஆள் பேரைச் சொல்ல மாட்டேன்னு சட்டம் பேசினார். பேரைப் பதினொரு பேர் கையிலயும் அச்சடிச்சே குடுத்திருக்கார்!" ரேடியோ துள்ளினான். "நான் பந்தயம் கட்டறேன். முனையில இருக்கற மருந்துக்கடை. கண்ணாடிக் கதவு, ஏசி, வாசல்ல செடி. காசைக் கொட்டி எடுத்த கடை அது. வேற யாரு?"

நோட்டீஸ்படி மருந்துக்கடை இருநூற்றுப் பன்னிரண்டு சதுர அடி. அண்ணி பெருக்கினாள். பதினோராயிரத்து இருநூற்று இருபத்து மூன்று, அதற்கு மேல் சில்லறை.

"மூக்கு உடைஞ்சுதா?"

"லேசாத்தான் அண்ணி. அடுத்தது."

பைண்டிங் கடை நூற்று நாற்பத்து மூன்று சதுர அடி. ஏழாயிரத்து ஐந்நூற்று எழுபது, மேலே சில்லறை. மூடிப்போன குடைக்கடையும் அப்படியே. ஒவ்வொரு தாளாகக் கீழே வைக்க வைக்க ரேடியோவின் குரல் சுருதி இறங்கிக்கொண்டே வந்தது. பதினொன்றில் ஒன்றுகூட முழுசாக நிற்கவில்லை. பதினொரு பேரும் சுத்தம்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வராத நோட்டீஸ் யாருடையது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"இருக்காது அண்ணி," என்றான் ரேடியோ. "அவர் அக்காதானே நம்மளை வெச்சதே?"

"போய்ப் பாப்போம்."

கடிகாரக் கடைக்குள் நுழைந்தபோது மூன்று ஆகப் பத்து நிமிடம் இருந்தது. சுவரில் மாட்டியிருந்த நாற்பது கடிகாரமும் ஒரே நேரத்தைத்தான் காட்டின. ஐம்பதைத் தாண்டிய மனிதர் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு ஒரு கைக்கடிகாரத்தின் வயிற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். அவர்களைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"சார், என் வாட்ச் என்னை மாதிரியே ஆயிடுச்சு. சத்தம் மட்டும் வருது, நகர மாட்டேங்குது," என்று ரேடியோ தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டினான். அவர் அதைத் திறந்து பார்க்கிற நேரத்தில் அவன் கீழே பார்த்தான். தரையில் ஓரடிக்கு ஓரடி ஓடு. வாசலில் குறுக்கே பத்து. பின்சுவர்வரை நெடுக எண்ணிக்கொண்டே நடந்தான். பதினாறாவது ஓட்டில் ஒரு திரை தொங்கியது. திரையை விரலால் லேசாக ஒதுக்கினான்.

கடைசி வரிசையான பதினேழாவது ஓட்டின்மேல் சுருட்டிய பாய், ஒரு தலையணை, ஒரு தட்டு, ஒரு டம்ளர் இருந்தன. ஆணியில் ஒரு சட்டை. அவ்வளவுதான் அந்த மனிதரின் குடித்தனம். ரேடியோ திரையை விட்டுவிட்டுத் திரும்பி வந்து, உள்ளங்கையில் பேனாவால் பெருக்கினான். நூற்றெழுபது பெருக்கல் ஐம்பத்திரண்டு புள்ளி தொண்ணூற்று நாலு.

எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது புள்ளி எட்டு.

உள்ளங்கையை அண்ணியிடம் காட்டினான். "அந்த இருபது காசு வகுக்கும்போது உதிர்ந்தது," என்று முணுமுணுத்துத் தலையசைத்தாள்.

"மாசம் ஒன்பதாயிரம்," என்றாள் கடிகாரக்காரரிடம், மெதுவாக. "பக்கத்துக் கடையெல்லாம் மூவாயிரம்தான் குடுக்குது. இன்னைக்குக் கெஞ்சிக் கேட்டதுல ரெண்டு பேர் சொன்னாங்க. நீங்க ஏன் சார் ஒன்பதாயிரம் குடுக்கறீங்க?"

அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எழுந்து போய் ஒரு சுவர்க் கடிகாரத்தின் பின்பக்கத்தைத் திறந்தார். நாலாக மடித்த நோட்டீஸ் உள்ளே இருந்தது.

"தொலையல," என்றார். "அக்கா கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு வெச்சேன். ஓட்டாண்டியா நின்னப்பகூட அவ யார்கிட்டயும் கை நீட்டல. மாமா போனப்புறம் ஒரு கவர்ல பணம் வெச்சுக் குடுத்தேன். பிரிக்காம திருப்பி அனுப்பிட்டா. அடுத்த மாசமும் அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்தது. அப்புறம்தான் இந்த யோசனை. வேற தெருவுல நல்லா ஓடிக்கிட்டிருந்த கடையை விட்டுட்டு, இதை வாடகைக்குக் கேட்டேன். சந்தை வாடகை ஒன்பதாயிரம்னு அடிச்சுச் சொன்னேன். அவளுக்கு என்ன தெரியும்? இந்தத் தெருவுலதான் யாரும் வாயைத் திறக்க மாட்டாங்களே."

"படிவம்?"

"ஒழுங்கா உண்மையை எழுதணும்னு எழுதினேன். எல்லாரும் எழுதுவாங்கன்னு நினைச்சேன். சொந்தக்காரங்களான்னு ஒரு கேள்வி. உண்டுன்னு போட்டா ஓனருக்கும் ஒரு தாள் போகுமாம், ஏன் இந்த வாடகைன்னு விளக்கம் கேட்டு." அவர் குரல் இறங்கியது. "கடைக்குள்ள அக்கா தம்பி கிடையாதுன்னு அவளே சொன்னதுதானே? இல்லைன்னு டிக் பண்ணிட்டேன். ஒரே ஒரு டிக். முந்தாநாள் குடைக்கடைக்காரர் ஷட்டரை இறக்கிட்டு என்கிட்ட வந்து, 'நீங்களாவது தாக்குப்பிடிங்க'ன்னு சொல்லிட்டுப் போனார். என்கிட்ட வந்து சொல்றார்! நான் எந்த மூஞ்சியோட நிப்பேன்?"

அண்ணி பையிலிருந்து அந்த வெற்றுத் தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். "உங்க அக்கா கையெழுத்து வேணும்."

"வேண்டாம்மா. கையெடுத்துக் கும்பிடறேன். நான் கடையைக் காலி பண்ணிட்டுப் போயிடறேன்."

"நீங்க போனா வரி போகாது. அந்தப் படிவம் அங்கயேதான் இருக்கும்."

ரேடியோவுக்குப் பொறுக்கவில்லை. அண்ணியின் கையைப் பிடிக்காத குறையாக வாசலுக்கு இழுத்து வந்தான்.

"கண்டுபிடிக்க முடியலன்னு சொல்லிடலாம் அண்ணி. நமக்கு ஃபீஸ் வேண்டாம். கெட்ட பேர் வந்தா என் தலைல போடுங்க, இவன் வாயாடிட்டு இருந்தான், வேலை பாக்கலன்னு."

"பதினொரு கடை இருக்குடா."

"இருக்கு. ஒத்துக்கறேன். ஆனா குடுக்கறவன் பக்கம் கொஞ்சம் பாருங்க. பெரிசா ஒண்ணும் செய்ய வக்கில்ல. மறைச்சுக் குடுக்கறது ஒண்ணுதான் அவனால முடியும். அதையும் பிடுங்கிட்டா அப்புறம் அவன் எதுக்கு இருக்கான்?" குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

அண்ணி அவனை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள்.

"அவங்கதான் நம்ம கட்சிக்காரர்," என்றாள். "அவங்க கேட்டதை அவங்ககிட்ட சொல்லணும். வேற வழி எனக்குத் தெரியல ரேடியோ. தெரிஞ்சா நீ சொல்லு."

உள்ளே நாற்பது கடிகாரமும் மூன்றரை அடித்தன.

மாடி அக்கா கதவைத் திறந்தபோதே கேட்டாள்: "தெரிஞ்சுதா, அந்தப் படுபாவி யாருன்னு?"

"தெரிஞ்சுது. படுபாவி இல்லம்மா," என்றாள் அண்ணி.

அவள் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். பின்னாலேயே ஏறி வந்த கடிகாரக்காரர் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார். ரேடியோ சுவரில் ஒட்டிக்கொண்டு தன் கால் விரல்களைப் பார்த்தான். மாடி அக்கா முதலில் சிரித்தாள். "இவனா? இவனுக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏது?" என்றாள். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அலமாரியைத் திறந்து ரசீதுப் புத்தகங்களை எடுத்தாள். மூன்று வருடம், மூன்று புத்தகம். அட்டை போட்டு, முனை மடங்காமல் வைத்திருந்தாள்.

"சரியா என்னடா வாடகை போகும், கீழ?"

தம்பி படிக்கட்டின் கைப்பிடியைத் தடவினார்.

"ஓனர் கேக்கறேன். சொல்லு."

"மூவாயிரம்."

"மிச்சம் ஆறாயிரத்துக்கு என்ன பேருடா?" அவள் ஒரு புத்தகத்தைப் பிரித்து அவர் பக்கம் நீட்டினாள். "மாசா மாசம் வாடகைன்னு எழுதி என் கையெழுத்தைப் போட்டிருக்கேன். என்ன எழுதியிருக்கணும்? நீயே சொல்லு, திருத்தி எழுதறேன்."

"அக்கா..."

"நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்தேனே இந்தத் தெருவுல. யாருக்கும் நான் கடன்படலன்னு. எல்லாரும் உள்ளுக்குள்ள சிரிச்சாங்களா?"

"யாருக்கும் தெரியாதுக்கா. சத்தியமா யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே இப்போ."

கீழே கடிகாரங்கள் ஓடுகிற சத்தம் மேலே கேட்டது. அவள் அதைக் காதுகொடுத்துக் கேட்பதுபோல நின்றாள்.

"ராத்திரில கீழ நடமாடற சத்தம் கேக்கும். பாவம், நேரங்கழிச்சு வேலை பாக்கறான்னு நினைச்சுக்குவேன். அங்கயேதான் படுத்துக்கறியா?"

அவர் தலையைக் குனிந்தார். மாடி அக்கா அண்ணியிடம் திரும்பினாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதைப் பார்க்க ரேடியோவுக்குத்தான் தாங்கவில்லை.

"நீங்களும் என்னை மாதிரிதானே? அவர் போனப்புறம் தனியா நிக்கறவங்கன்னு சொன்னாங்க. நீங்களா இருந்தா இதைத் தெரிஞ்சுக்க ஆசைப்பட்டிருப்பீங்களா?"

"தெரியலம்மா," என்றாள் அண்ணி.

"பேனா குடுங்க."

அண்ணி தன் பேனாவைத் திறந்து கொடுத்தாள். கீழே இருப்பவர் என் உடன்பிறந்த தம்பி, அவர் கொடுத்தது சந்தை வாடகை அல்ல என்று இரண்டே வரி. மாடி அக்கா ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு, ரசீதில் போடுகிற அதே கையெழுத்தை நிதானமாகப் போட்டாள்.

"அடுத்த மாசத்துல இருந்து மூவாயிரம்," என்றாள் தம்பியிடம். "ஒரு காசு கூட இருந்தாலும் வாங்க மாட்டேன்."

"மூவாயிரத்துல நீ எப்படிக்கா இருப்ப?"

"அது ஓனரோட கவலை. வாடகைக்காரன் கேக்கக் கூடாது."

கதவு சாத்திக்கொண்டது. அறைந்து சாத்தவில்லை, மரியாதையாகத்தான் சாத்தினாள். கடிகாரக்காரர் அந்தக் கதவுக்கு முன்னால் அப்படியே நின்றார். அவரைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று ரேடியோ நினைத்தான். சொல்ல என்ன இருக்கிறது? கீழே இறங்கிவிட்டான்.

அவர்கள் அலுவலகத்துக்குள் ஓடி நுழைந்தபோது ஐந்து ஆக எட்டு நிமிடம். அதிகாரி தாளைப் படித்தார், முத்திரையைக் குத்தினார், வந்த நேரத்தை எழுதினார்.

"விசாரணைக்கு எடுக்க ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் போட்ட வரியைக் கட்டித்தான் ஆகணும்."

"ஆறு மாசமா? அதுவரைக்கும் அந்தத் தெரு தாங்குமா சார்?" என்றான் ரேடியோ.

"எனக்கு எப்படித் தம்பி தெரியும்? என்கிட்டதான் யாரும் எதுவும் சொல்றதில்லையே."

திரும்பி நடந்தார்கள். குடைக்கடை ஷட்டரில் யாரோ "வாடகைக்கு" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். தொகை போடவில்லை. அடுத்த தெரு முனையில் ஒரு பாத்திரக் கடை ஒலிபெருக்கி, ரேடியோவின் குரலிலேயே, பாதி விலை பாதி விலை என்று கூவிக்கொண்டிருந்தது. அண்ணி அங்கே நின்றாள்.

"நம்ம ஆபீஸ் எத்தனை சதுர அடி?"

"ஏன் அண்ணி?"

"நான் கவரை மடிச்சுத்தான் குடுப்பேன். ஒட்ட மாட்டேன். ஓனர் மேஜைல பாக்கும்போது பசை போட்டு ஒட்டியிருந்தது. நடுவுல யாரோ கனமாக்கினாத்தான் ஒட்டத் தோணும்."

"எப்போ பாத்தீங்க?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால."

ஒலிபெருக்கி இன்னொரு சுற்று கூவி முடித்தது.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"எனக்கு ஆபீஸ் வேணும். உனக்கு மறைச்சுக் குடுக்கணும். தெரியாத மாதிரி இருக்கறது ரெண்டு பேருக்கும் சௌகரியமா இருந்தது." அண்ணி தன் பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பையில் போட்டாள். "ஆனா இன்னைக்கு அந்தம்மா கையில இந்தப் பேனாவைக் குடுத்தது நான். அவங்களைத் தெரிஞ்சுக்க வெச்சுட்டு, நான் மட்டும் எப்படித் தெரியாத மாதிரியே இருக்கறது? அடுத்த மாசத்துல இருந்து வாடகையை நானே போய்க் குடுத்துக்கறேன். முழுசா."

"முழுசா குடுத்தா ரெண்டு மாசம் தாங்காது அண்ணி. ஆபீஸே இருக்காது."

"தெரியும்."

அவள் நடக்க ஆரம்பித்தாள். பத்தடி போனபின் அவன் கூட வரவில்லை என்று தெரிந்து திரும்பினாள்.

"ஏதாவது பேசு தம்பி," என்றாள். "நீ பேசாம வந்தா எனக்குப் பயமா இருக்கு."

ரேடியோ வாயைத் திறந்தான். அவன் குரல் ஒலிபெருக்கியில்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அவனுக்கு ஒன்றும் வரவில்லை.